பூனைக் குலங்களின் முன்கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்குப் புத்தகம் இரவல் கொடுப்பதை ஆசைக்காகச் செய்துவருகிறேன். கொஞ்ச காலமாக எந்தப் பிள்ளை வந்தாலும் 'வாரியர்ஸ்' பூனைகளைப் பற்றித்தான் பேச்சு. அதிலும் அந்தத் தொடரின் முன்கதைப் புத்தகங்கள் என்றால் பேச்சு சண்டையாகிவிடும். ஒரே சந்தேகத்துக்கு ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கும், பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். கதையின் பெரிய சாவுகளும் திருப்பங்களும் இதில் வரும் என்பதால், இன்னும் படிக்காதவர்கள் மூன்றாவது கேள்வியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

"அண்ணாச்சி, எந்நேரமும் பூனை பூனைன்னு கிடக்கான். அப்படி என்ன கதை அது?"

காட்டில் குலம் குலமாக வாழும் பூனைகளின் கதை. ரஸ்டி என்ற வீட்டுப் பூனை ஒருநாள் வேலி தாண்டிக் காட்டுக்குள் போய், தண்டர்க்ளான் என்ற குலத்தில் சேர்ந்து, கடைசியில் ஃபயர்ஸ்டார் என்ற பெயரோடு அந்தக் குலத்துக்கே தலைவனாகிறது. தண்டர், ரிவர், விண்ட், ஷேடோ என்று நாலு குலங்கள். எல்லைச் சண்டை, மூலிகை தெரிந்த மருத்துவப் பூனை, நட்சத்திரமாகி வழிகாட்டும் முன்னோர், தலைவனுக்கு ஒன்பது உயிர் என்று ஒரு முழு உலகமே இருக்கிறது. முதல் புத்தகம் 2003இல் வந்தது.

அட்டையில் எரின் ஹண்டர் என்று போட்டிருக்கும். அப்படி ஒரு ஆள் கிடையாது. கேட் கேரி, செரித் பால்ட்ரி, கதைத் திட்டத்தைப் போட்டுக்கொடுத்த விக்டோரியா ஹோம்ஸ் ஆகியோர் சேர்ந்து வைத்துக்கொண்ட பொதுப் பெயர் அது. பிறகு வேறு சிலரும் அதே பெயரில் எழுதினார்கள். கீழே முரண்பாடுகளைப் பற்றிப் பேசும்போது இந்தத் தகவல் வேண்டியிருக்கும்.

"முன்கதைன்னு எதைச் சொல்லுதீங்க? மொத்தம் எத்தனை புத்தகம்?"

முக்கியமாக 'டான் ஆஃப் தி க்ளான்ஸ்' என்ற ஆறு புத்தகங்கள். 2013இல் 'தி சன் டிரெயில்' தொடங்கி 2015இல் 'பாத் ஆஃப் ஸ்டார்ஸ்' வரை வந்தன. மலைக்குகையில் பசியால் வாடும் பூனைக் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது. போக விரும்பியவர்கள் சூரியன் உதிக்கும் பக்கம் பார்த்துப் புறப்பட்டு, மேட்டுப் புல்வெளியும் காடும் ஆறும் உள்ள இடத்தில் வந்து தங்குகிறார்கள். அங்கே கிரே விங், க்ளியர் ஸ்கை என்ற அண்ணன் தம்பிக்குள் பகை முற்றுகிறது. ரத்தம் சிந்திய பிறகு ஐந்து குலங்கள் உருவாகின்றன.

இது தவிர ஒரு தனிப் பாத்திரத்தின் இளமையைச் சொல்லும் தடித்த புத்தகங்களும் உண்டு. ஃபயர்ஸ்டாருக்கு முன்னே தண்டர்க்ளானின் தலைவியாக இருந்த ப்ளூஸ்டாரைப் பற்றி 2009இல் வந்த 'ப்ளூஸ்டார்ஸ் ப்ராஃபெசி' அந்த வகை. என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த ஆறு புத்தகங்களைப் பற்றித்தான்.

"எதை முதல்ல படிக்கணும் மாமா? கதை நடந்த வரிசையிலயா, புத்தகம் வந்த வரிசையிலயா?"

புத்தகம் வந்த வரிசையில். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. முன்கதையில் நாலு பெரிய ஓக் மரங்கள் நிற்கும் பள்ளத்தில் பூனைகள் கூடும்போது, பின்னாளில் அங்கே பௌர்ணமிக்குப் பௌர்ணமி என்ன நடக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்த இடம் பேசும். தெரியாதவருக்கு அது நாலு மரம், அவ்வளவுதான்.

முன்கதையிலிருந்து ஆரம்பித்த பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய புகார்களும் வேறு மாதிரி இருக்கின்றன. முதல் தொடரைப் படித்துவிட்டு வந்தவர் "முன்னாடி சொன்னதுக்கு இது ஒத்துவரலை" என்பார். முன்கதையில் தொடங்கியவர் "இவ்வளவு மெதுவா போகுதே" என்பார். புகாரைக் கேட்டாலே எந்த வரிசையில் படித்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

"முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குப் படிக்கணும்? கடைசில குலம் உருவாகத்தானே போகுது?"

நம்ம பக்கத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? கொடைக்கு வில்லுப்பாட்டுக் கேட்கப் போகிற யாராவது, சுடலைமாடனுக்கு என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டு போகிறார்களா? பார்வதி முந்தானையை ஏந்தி நிற்க, விளக்குச் சுடரிலிருந்து பொறி தெறித்துப் பிள்ளை பிறந்த கதையை ஊரே மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்கிறது. ஆனாலும் உடுக்கும் குடமும் ஏறி, புலவர் வில்லைத் தட்டிப் பிறப்புக் கதையை எடுத்ததும் எழுந்து போக நினைத்தவரும் உட்கார்ந்துவிடுகிறார்.

ஆகவே முடிவு தெரிவது குறையே இல்லை. தெரிந்த முடிவுக்கு நடுவில் நமக்குத் தெரியாத ஒரு தவிப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். முதல் புத்தகத்தில் அது இருக்கிறது. கிரே விங்குக்கு மலையைவிட்டுப் போக மனமில்லை. தங்கை பசியில் செத்துப்போயிருக்கிறாள், அம்மாவைத் தனியே விட முடியாது. ஆனால் சின்னத் தம்பி ஜாக்ட் பீக் யாருக்கும் சொல்லாமல் கூட்டத்தின் பின்னால் ஓடிவிடுகிறான். கடைசியில் அம்மாவே, நீ அவனோடு போ என்று கிரே விங்கை அனுப்புகிறாள். குலத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவன் போகவே விரும்பாதவன் என்பதை முதல் தொடரில் யாரும் நமக்குச் சொல்லவில்லை.

"பேரு எதுவும் மனசுல நிக்க மாட்டேங்கு. எல்லாமே இறகு, மேகம், நிழல்னு இருக்கு."

நியாயமான புகார். முதல் தொடரில் பெயரின் வாலைப் பார்த்தே குட்டியா, பயிற்சிப் பூனையா, தலைவனா என்று சொல்லிவிடலாம். முன்கதையில் அந்த வழக்கம் இன்னும் வரவில்லை, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு சொல் பெயர். போதாததற்கு ஒவ்வொரு புத்தகத்திலும் புதுப் பூனைகள் ஒரு பந்தி வருகிறார்கள், பாதிப் பேர் அடுத்த புத்தகத்துக்குள் செத்துவிடுகிறார்கள். கிரே விங், க்ளியர் ஸ்கை, அவன் மகன் தண்டர், டால் ஷேடோ, விண்ட் ரன்னர், ரிவர் ரிப்பிள் ஆகிய ஆறு பேரைப் பிடித்துக்கொண்டால் கதை கையைவிட்டுப் போகாது.

"முதல் தொடர்ல நாலு குலம்னாங்க. இதுல அஞ்சு. எதும்மா நெசம்?"

இரண்டுமே. 2007இல் வந்த 'ஃபயர்ஸ்டார்ஸ் க்வெஸ்ட்' என்ற புத்தகத்தில்தான் ஸ்கைக்ளான் என்ற ஐந்தாம் குலம் வெளியே வருகிறது. அதன் நிலத்தில் மனிதர்கள் வீடு கட்டிவிட்டார்கள், மற்ற நாலு குலங்களும் இடம் கொடுக்காமல் விரட்டிவிட்டு, நடந்ததை மறைத்துவிட்டார்கள் என்று கதை. எழுதியவர்கள் முதல் நாளே இதை யோசித்திருந்தார்களா, வழியில் தோன்றியதா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். மறைத்தார்கள் என்ற காரணம் அந்தக் குலங்களின் குணத்துக்குப் பொருந்துகிறது, அதனால் நம்ப முடிகிறது. முன்கதை இதை எடுத்துக்கொண்டு க்ளியர் ஸ்கையை ஐந்தாம் குலத்தின் தலைவனாக்குகிறது.

"பழைய புத்தகத்துல குலம் பிறந்த கதையை ஒரு மாதிரி சொல்லிட்டு, இதுல வேற மாதிரி சொல்லுதாங்களே சார். இது ஏமாத்து இல்லையா?"

கல்லூரிப் பையன்கள் கேட்பது. முன்கதை வருவதற்கு ஆறு வருடம் முன்பு, 2007இலேயே 'சீக்ரெட்ஸ் ஆஃப் தி க்ளான்ஸ்' என்ற துணைப் புத்தகத்தில் ஒரு தோற்றக் கதை இருக்கிறது. தண்டர், விண்ட், ரிவர், ஷேடோ என்ற பூனைகள், ஒரு பெரிய சண்டை, இறந்தவர்களின் ஆவிகள் வந்து ஒன்றுசேரச் சொல்வது. மலையிலிருந்து வந்த பயணம், அண்ணன் தம்பி பகை எதுவும் அதில் கிடையாது.

அது தலைமுறை தலைமுறையாகக் குட்டிகளுக்குச் சொன்ன பழங்கதை, நடந்தது வேறு என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்று இல்லை. இங்கே ஒரே மாடனுக்கு ஊருக்கு ஒரு கதை இருக்கிறது. பக்கத்து ஊர்ப் புலவர் வேறு மாதிரி பாடினால் யாரும் கோயிலை மூடச் சொல்வதில்லை. 'டால் ஷேடோ' என்ற பூனை பழங்கதையில் தேய்ந்து 'ஷேடோ' ஆனது எனக்கு ரொம்ப இயல்பாகவே படுகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் இந்தச் சமாதானம் செல்லாது. 2011இல் வந்த 'சைன் ஆஃப் தி மூன்' புத்தகத்தில் ஜேஃபெதர் என்ற மருத்துவப் பூனை தானே பழங்காலத்துக்குப் போய், மலைக்கூட்டம் உருவாகும்போது கூடவே நிற்கிறான். ஹாஃப் மூன் என்ற பூனையை அதன் முதல் வழிகாட்டியாக்குவதும் அவன்தான். அதே ஹாஃப் மூன் கிழவியாக 'தி சன் டிரெயில்' தொடக்கத்தில் வருகிறாள். நேரில் பார்த்த சாட்சி இருக்கும் இடத்தில் பழங்கதை என்று கைகழுவ முடியாது. அங்கே பொருந்தாதது எது இருந்தாலும் அது எழுதியவர்களின் கவனக்குறைவுதான். பல கைகள் சேர்ந்து எழுதும் தொடரில் இது நடக்கும். கண் நிறம் மாறியது, ரோமத்தின் நிறம் மாறியது என்று நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டு வரும் பிள்ளைகளை நான் தடுப்பதில்லை, நல்ல பொழுதுபோக்கு. ஆனால் இந்தப் புத்தகங்களின் பெரிய குறை அங்கே இல்லை.

"எல்லா வழக்கத்தையும் ஒரே தலைமுறையில கொண்டுவந்துட்டாங்களே, நம்பற மாதிரியா இருக்கு?"

இல்லை. கிரே விங் ஒருவனின் வாழ்நாளுக்குள் எல்லை, தலைமை, மூலிகை வைத்தியம், நட்சத்திர முன்னோர் எல்லாம் ஏறக்குறைய முழுசாக வந்து இறங்கிவிடுகின்றன. ஒரு வழக்கம் ஏன் வந்தது என்பதே மறந்துபோய், வழக்கம் மட்டும் நிற்பதுதான் உலக நடப்பு. இங்கே ஒவ்வொரு வழக்கத்துக்கும் ஒரு காரணம், அதற்கு ஒரு காட்சி, கூடவே ஒரு ஆளும் இருக்கிறார்கள். ஒரு தலைமுறையைத் தாண்டி இரண்டாம் மூன்றாம் தலைமுறை வரை கதையை இழுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பம்பிளுக்கு நடந்ததைப் படிச்சிட்டு என் மக ரெண்டு நாளா அந்தப் புத்தகத்தைத் தொடலை. பூனைக் கதையில இவ்வளவு கல்மனசா?"

பம்பிள் வீட்டுப் பூனை. கிரே விங் மேல் மனத்தாங்கலோடு வெளியேறிய டர்ட்டில் டெயிலுக்கு மனிதர் வீட்டில் துணையாக இருந்தவள். அதே வீட்டில் டாம் என்ற ஆண் பூனையும் உண்டு. டர்ட்டில் டெயில் குட்டி சுமந்துகொண்டு புல்வெளிக்குத் திரும்பிவிடுகிறாள். பம்பிள் டாமிடம் அடி வாங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கிறாள். ஒருநாள் காயத்தோடு வந்து, என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நிற்கிறாள். குண்டாக இருக்கிறாள், வேட்டை தெரியாது, காட்டு வாழ்க்கை தாங்கமாட்டாள் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். கொஞ்ச நாளில் உடலெல்லாம் காயத்தோடு சாகிறாள்.

அடிக்கிற வீட்டிலிருந்து ஓடிவந்தவளை "உன் வீட்டுக்கே போ" என்று அனுப்புவது நாம் பார்க்காததா? அதனால் அந்தக் காட்சி இருக்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு அப்புறம் கதை என்ன செய்கிறது என்பதில்தான் கோபம். அவளைக் கொன்றது யார், க்ளியர் ஸ்கையா என்ற கேள்விக்குக் கதை தாவிவிடுகிறது. நரி என்று தெரிந்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. வாசலில் நின்றவளைத் திருப்பியனுப்பிய கிரே விங், டால் ஷேடோ, டர்ட்டில் டெயில் மூவரும் நல்லவர்களாகவே தொடர்கிறார்கள். அவர்களுக்கு ஒரு இரவாவது தூக்கம் வராமல் போயிருந்தால் வாசகர்கள் இவ்வளவு கொதித்திருக்கமாட்டார்கள். உங்கள் மகள் புத்தகத்தை வைத்துவிட்டது சரியான வாசிப்பு என்றுதான் சொல்வேன்.

"க்ளியர் ஸ்கை இத்தனை பேரைக் கொன்னுருக்கான். எல்லாரும் எப்படி மன்னிச்சாங்க?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இவன் செய்ததை வரிசையாகப் பாருங்கள். மரத்திலிருந்து விழுந்து கால் ஊனமான சொந்தத் தம்பியை, வேட்டைக்கு உதவமாட்டான் என்று விரட்டுகிறான். தாயை இழந்த மகன் தண்டரை கிரே விங் தூக்கிக்கொண்டு வந்தால், வேண்டாம் என்கிறான். எல்லையை விரிக்க மிஸ்டி என்ற தாய்ப்பூனையைக் கொல்கிறான். நாலு மரத்தடிச் சண்டையில் ரெயின்ஸ்வெப்ட் ஃப்ளவரைக் கொல்கிறான். அவள் மலையிலிருந்து கூடவே நடந்து வந்தவள்.

அவன் இப்படி ஆனதற்குக் காரணமும் சொல்லப்படுகிறது. தங்கை பசியில் செத்தாள், சினையாக இருந்த துணைவி ப்ரைட் ஸ்ட்ரீமைப் பயண வழியில் கழுகு தூக்கிப்போனது. இனி என் ஆட்கள் யாரும் பசியில் சாகக்கூடாது என்ற பயம் பேராசையாகிறது. இதுவரை நல்ல எழுத்து, இந்தத் தொடரிலேயே சிக்கலான பாத்திரம் இவன்தான். சண்டை முடிந்ததும் ஆவிகள் வந்து, ஒன்றுசேருங்கள் இல்லாவிட்டால் சாவீர்கள் என்கின்றன. அவன் மனம் திரும்புகிறான். அவன் திரும்பியது கூட நம்பும்படி இருக்கிறது. மற்றவர்கள் திரும்பிய வேகம்தான் தொண்டையில் நிற்கிறது. குழி தோண்டிப் புதைத்த கை காயும் முன்னே அவனோடு உட்கார்ந்து பேசுகிறார்கள்.

பிறகு அம்மா க்வயட் ரெயின் மலையிலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டுக் கோபப்படும்போதுதான் வாசகனுக்கு மூச்சு வருகிறது. நம் கோபத்தைச் சொல்ல ஒருத்தியாவது வந்தாளே என்று. அவளும் சீக்கிரம் இறந்துபோகிறாள். ஒருவனை மன்னிக்கலாம், அது கதையின் உரிமை. மன்னிக்க மறுத்த ஒரே ஒரு பூனையைக் கடைசிவரை உயிரோடு வைத்திருந்தால் அந்த மன்னிப்புக்கு விலை வந்திருக்கும். கதையில் அதற்கு மிஸ்டியின் குட்டிகள் இருந்தார்கள். அவர்களை வேறொரு பூனை வளர்க்கிறாள், ஆனால் அந்தப் பகையை எழுத்து கடைசிவரை தூக்கிச் சுமக்கவில்லை.

"பெட்டைப் பூனைன்னா சாகறதுக்குத்தானா மாமா?"

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டது. ப்ரைட் ஸ்ட்ரீம் செத்ததால் க்ளியர் ஸ்கை கல்லாகிறான். அம்மா ஸ்டார்ம் இடிந்த வீட்டுக்கு அடியில் மற்றக் குட்டிகளோடு செத்ததால் தண்டர் தனியனாகிறான். டர்ட்டில் டெயில் தன் குட்டிகளை மீட்கப் போய்ச் செத்ததால் கிரே விங் துக்கப்படுகிறான். அவன் அடுத்து ஸ்லேட்டை விரும்புவதற்கும் இடம் கிடைத்துவிடுகிறது. பெட்டைகளின் சாவு ஆண்களின் அடுத்த அத்தியாயத்துக்குப் படிக்கட்டாக இருக்கிறது என்ற புகார் பெரும்பாலும் சரி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து முதல் தலைவர்களில் டால் ஷேடோ, விண்ட் ரன்னர் இருவரும் பெண்கள். குட்டிகளைப் பறிகொடுத்துவிட்டு, கூட்டத்தைவிட்டு விலகிப்போய், தன் சொந்தக் குடும்பத்திலிருந்தே ஒரு குலத்தை எழுப்பும் விண்ட் ரன்னரின் கதையை நான் எந்த ஆண் பூனையின் கதைக்கும் மேலே வைப்பேன். அவள் கண் வழியாக ஒரு முழுப் புத்தகம் போயிருக்க வேண்டியது, போகவில்லை.

"மிருகக் கதைன்னா கடைசில ஒரு நீதி வேணும்லா தம்பி?"

வேண்டாம் பெரியம்மா. பஞ்சதந்திர நரியும் சிங்கமும் நீதி சொல்லத்தான் வருகின்றன. இவை நாவல்கள்.

"வீட்டுப் பூனைன்னா இளக்காரம், கலப்புன்னா இளக்காரம். இதைப் பிள்ளைங்க படிச்சா நம்ம ஊருச் சாதிப் பேச்சு மாதிரி ஆயிடாதா?"

ஒரு ஆசிரியை கேட்டார். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துச் சாதியைக் கண்டுபிடிக்கும் பழக்கம் பள்ளிக்கூடம்வரை வந்துவிட்ட பகுதியில் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதல் தொடரில் வீட்டில் பிறந்த பூனை என்ற ஏச்சை ஃபயர்ஸ்டார் தலைவனான பிறகும் கேட்கிறான். ஆனால் கதை அவன் பக்கம் நிற்கிறது. சுத்தக் குல ரத்தம் என்று பேசும் டைகர்ஸ்டார் வில்லன். முன்கதை இதில் ஒரு படி மேலே போக வாய்ப்பிருந்தது, பாதி போகவும் செய்தது. விண்ட் ரன்னரும் ரிவர் ரிப்பிளும் மலையிலிருந்து வந்தவர்களே இல்லை, ஏற்கெனவே அங்கே சுற்றிக்கொண்டிருந்த தனிப் பூனைகள். டர்ட்டில் டெயிலின் குட்டிகளுக்கு அப்பன் வீட்டுப் பூனை டாம். ஆக, சுத்த ரத்தம் என்று ஒன்று முதல் நாளே கிடையாது. இது பெரிய விஷயம். ஆனால் பம்பிளை அனுப்பிய அதே புத்தகங்கள் இந்த விஷயத்தை உரக்கச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

பின்னால் சேர்க்கும் முன்கதை ஒரு கதையின் முதுகெலும்பையே எடுத்துவிட முடியும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. முத்துப்பட்டன் கதை தெரியும்தானே? பிராமணனான முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க, பூணூலை அறுத்துச் செருப்புத் தைக்கவும் கற்றுக்கொள்கிறான். மாடு பிடிக்க வந்த கள்வரோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றைக்கும் செருப்புத்தான் காணிக்கை. பின்னால் சிலர் இந்தக் கதைக்கு ஒரு முன்கதை வைத்தார்கள். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்களாம், பகடை எடுத்து வளர்த்தாராம். 1971இல் முத்துப்பட்டன் கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை இந்த மாற்றத்தை எடுத்துக்காட்டினார். நாலே வரி முன்கதை, ஆனால் அவன் துறந்தது அத்தனையும் அதில் வீணாகிவிடுகிறது.

அதனால் எந்த முன்கதையைக் கையில் எடுத்தாலும் நான் இதைத்தான் பார்க்கிறேன்: மூலத்தில் யாருக்கோ உறுத்திய இடத்தை இது தடவிக் கொடுக்கிறதா, இல்லை இன்னும் ஆழமாகக் குத்துகிறதா? டைகர்ஸ்டார் பேசிய சுத்த ரத்தம் பொய் என்று காட்டிய அளவில் இந்தப் பூனைப் புத்தகங்கள் குத்துகின்றன. க்ளியர் ஸ்கை விஷயத்தில் தடவிக் கொடுக்கின்றன.

"வில்லனோட சின்ன வயசைப் பாவமா காட்டிட்டா அவன் செஞ்சதெல்லாம் சரின்னு ஆயிடாதா?"

காட்டுகிற விதத்தைப் பொறுத்தது. 'ப்ளூஸ்டார்ஸ் ப்ராஃபெசி'யில் டைகர்ஸ்டார் இன்னும் பயிற்சிப் பூனைதான். வழிதவறி வந்த சின்ன வீட்டுக் குட்டி ஒன்றை அவன் அடித்துக் குதறுகிறான். பக்கத்தில் நின்று தூண்டிவிடுவது அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் திஸில்க்ளா. ப்ளூஸ்டார் ஓடிவந்து தடுக்கிறாள். இதைப் படித்த யாருக்கும் டைகர்ஸ்டார் பாவம் என்று தோன்றாது. இப்படியும் ஒரு பிள்ளையை வளர்க்கிறார்களே என்று பயம்தான் வரும். அடிபட்ட அந்தக் குட்டி பின்னாளில் ஸ்கர்ஜ் ஆகி டைகர்ஸ்டாரையே கொல்கிறது என்று தெரிந்தவருக்கு அந்தப் பக்கம் இன்னும் கனக்கும்.

க்ளியர் ஸ்கையின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். டைகர்ஸ்டார் விஷயத்தில் காரணம் மட்டும் சொல்லப்படுகிறது, தீர்ப்பு நம்மிடம் இருக்கிறது. க்ளியர் ஸ்கை விஷயத்தில் காரணத்தைச் சொல்லி, தீர்ப்பையும் நமக்காக எழுதிவிட்டார்கள்.

"வேற யாராவது முன்கதையை நல்லா எழுதிருக்காங்களா?"

எலிகளும் மரநாய்களும் வரும் 'ரெட்வால்' தொடரைச் சொல்வேன். லிவர்பூல்காரர் பிரையன் ஜேக்ஸ் எழுதியது, 1986 முதல் 2011 வரை 22 நாவல்கள். இரண்டாவதாக வந்த 'மாஸ்ஃப்ளவர்' (1988) முதல் நாவலுக்கு முன்கதை. அதில் மார்ட்டின் என்ற எலி வீரன் தனியாளாக வருகிறான், பழசு எதையும் பெரிதாகப் பேசுவதில்லை. 1993இல் வந்த 'மார்ட்டின் தி வாரியர்' அந்த முன்கதைக்கும் முன்கதை. அதில் மார்ட்டினுக்கு ரோஸ் என்ற தோழி இருக்கிறாள், கொடுங்கோலனின் கோட்டையில் நடக்கும் சண்டையில் செத்துப்போகிறாள். அவளுடைய ஊர் இருக்குமிடம் பகைவருக்குத் தெரியக்கூடாது என்று மார்ட்டின் இதை யாரிடமும் சொல்வதில்லை என்று தீர்மானிக்கிறான். ஐந்து வருடம் முன்பே அச்சான புத்தகத்தின் மௌனத்துக்கு அர்த்தம் கிடைத்துவிடுகிறது. பழைய புத்தகத்தில் ஒரு வரி மாற்றாமல் அதையே வேறு புத்தகமாக்கிவிட்டார்.

அதற்காக அவரும் தப்பவில்லை. 'அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்' (1995) கதையில் மரநாய் இனத்தைச் சேர்ந்த ஃபெரெட் குட்டி ஒன்றை நல்லவர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். கடைசியில் அது வளர்த்தவளின் உயிரைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறது. ஆனாலும் அவன் கெட்டவன்தான் என்ற முடிவுக்கே அவள் வருகிறாள். பிறப்பே குணம் என்ற அந்தப் பேச்சு, மேலே ஆசிரியை கேட்ட கேள்விக்கே கொண்டுபோய் விடுகிறது.

"கிரே விங் ஏன் தலைவன் ஆகலை? இத்தனை கஷ்டப்பட்டவனுக்கு ஒரு குலம்கூடக் குடுக்கலியே, அநியாயம்."

பிள்ளைகளின் பெரிய மனக்குறை இது. நான் இதில் எழுதியவர்கள் பக்கம். காட்டுத் தீயின் புகை அவன் நுரையீரலில் தங்கிவிடுகிறது. ஓட முடியாது, மூச்சு இளைக்கும். க்ளியர் ஸ்கைக்கு ஒரு குலம், அவன் தூக்கி வளர்த்த தண்டருக்கு ஒரு குலம், கூட வந்த டால் ஷேடோவுக்கு ஒரு குலம். அவனுக்கு எதுவும் கிடையாது, ஆறாம் புத்தகத்தின் கடைசியில் மூச்சுத் திணறலிலேயே சாகிறான். முதல் தொடரில் எந்தக் குலத்தின் பெயரிலும் அவன் அடையாளம் இல்லையே, ஒரு முக்கியமான ஆளை எப்படி மறந்தார்கள் என்று கேட்பவர்கள், மறக்கப்படுகிற ஆள்தான் அவன் என்பதைக் கவனிப்பதில்லை. ரெட்வாலில் மார்ட்டினின் மௌனம் செய்த வேலையை இங்கே கிரே விங்கின் பெயரில்லாமை செய்கிறது.

அவனுக்கும் ஒரு குலம் கொடுத்திருந்தால் ஆறாவது குலம் எங்கே போயிற்று என்று நீங்களே அடுத்த வாரம் வந்து என்னிடம் கேட்டிருப்பீர்கள்.